தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஒரு கணினியில் ஒழுங்காக இருந்த தமிழ்க் கோப்பு இன்னொன்றில் சிதறித் தெரிந்தால், முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சேமிக்காதீர்கள். பழக்கதோஷத்தில் கண்ட்ரோல்-எஸ் அழுத்தினால், அதுவரை உள்ளே உயிரோடு இருந்த எழுத்தும் போய்விடக்கூடும். கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டு நகலில் மட்டும் கை வையுங்கள்.

அடுத்து ஒரு நிமிடச் சோதனை. உடைந்த வரி ஒன்றை நகலெடுத்து உலாவியின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் எழுத்து நலம், காட்டும் மென்பொருளில்தான் கோளாறு. அங்கேயும் உடைந்தே இருந்தால் எழுத்தே மாறியிருக்கிறது, அல்லது கோப்பைத் தவறான முறையில் திறந்திருக்கிறீர்கள். இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளாமல் ஃபாண்ட் ஃபாண்டாக இறக்கிப் போடுவதில்தான் பலருடைய அரை நாள் போகிறது.

## கட்டம் கட்டமாகத் தெரிகிறது: □□□

இருப்பவற்றில் பயப்படத் தேவையே இல்லாத அறிகுறி இது. எழுத்து பத்திரமாக இருக்கிறது, வரைந்து காட்ட எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

எல்லா எழுத்தும் கட்டம் என்றால்: வரியைத் தேர்ந்து எழுத்துருவை மாற்றுங்கள். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ உடன் வருகிறது. மேக்கில் தமிழ் சங்கம் எம்என், இணைமதி. லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் பொதியை நிறுவி, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். பழைய வேர்டு கோப்புகள் லதா, விஜயா எழுத்துருக்களைக் கேட்கும். விண்டோஸ் 10, 11இல் அவை தாமாக வருவதில்லை. செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடி, தமிழ்த் துணை எழுத்துருத் தொகுப்பைச் சேர்த்தால் இரண்டும் வந்துவிடும்.

ஒன்றிரண்டு எழுத்து மட்டும் கட்டம் என்றால்: எழுத்துரு பழையது. ஶ யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் உலகப் பொதுத் தரம்) சேர்ந்தது 2005இல். நாள், மாதம், வருடம், ரூபாய் ஆகியவற்றுக்கான ௳ ௴ ௵ ௹ குறிகள் 2003இல். அதற்கு முன் செய்த எழுத்துருவில் இவை இருக்காது. அந்த எழுத்துக்கு மட்டும் புது எழுத்துருவைக் கொடுங்கள்.

திரையில் சரி, அச்சில் கட்டம் என்றால்: பிடிஎஃப் ஆக்கி, அச்சிடும்போது 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' தேர்ந்தெடுங்கள். கடை பில் போடும் தெர்மல் பிரிண்டர், டாட் மேட்ரிக்ஸ் இரண்டும் வேறு கதை. பெரும்பாலானவற்றின் உள்ளே தமிழ் எழுத்துருவே கிடையாது. பில்லிங் மென்பொருள் தமிழ் வரியைப் படமாக அனுப்ப வேண்டும். இது நீங்கள் அமைப்பில் மாற்றும் சங்கதி இல்லை. மென்பொருள் தந்தவரைக் கூப்பிட்டு 'கிராஃபிக்ஸ் மோடில் அடிக்க வழி இருக்கிறதா' என்று கேளுங்கள். பிரிண்டரை மாற்றச் சொல்லி அவர் ஆரம்பிப்பதற்கு முன் இதைக் கேட்பது நல்லது.

## கேள்விக்குறியாக மாறிவிட்டது: ?????

கட்டத்துக்கு நேர் எதிர். இங்கே எழுத்து போயே போய்விட்டது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் (எழுத்து, புள்ளி, உயிர்க்குறி ஒவ்வொன்றும் ஒரு குறியீடு) பதிலாக நிஜமான கேள்விக்குறி ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. அதிலிருந்து தமிழை மீட்டுத் தரும் மென்பொருள் எதுவும் கிடையாது. மூலக் கோப்பையோ பேக்கப்பையோ தேடுங்கள், பிறகு மறுபடி நடக்காமல் தடுங்கள்.

- நோட்பேடில் தமிழுக்கு இடமில்லாத பழைய 'ஆன்சி' முறையில் சேமித்திருக்கலாம். சேவ் ஆஸ் போய் என்கோடிங்கை (குறியாக்கம், அதாவது எழுத்தைக் கோப்பில் பதியும் முறை) யூனிகோடு வகையான யுடிஎஃப்-8 ஆக்குங்கள். 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இதுவே இயல்பு. பழைய கணினியில் கையால் மாற்ற வேண்டும்.
- எக்செல்லில் வெறும் 'சிஎஸ்வி' என்று சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிதான். பட்டியலில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள்.
- தரவுத்தளத்தில் போட்டு எடுத்தால் கேள்விக்குறி வருகிறதா? எஸ்க்யூஎல் சர்வரில் புலம் (ஃபீல்டு) என்-வார்-சார் வகையாக இருப்பது மட்டும் போதாது. வினவலுக்குள் எழுதும் சொல்லின் மேற்கோளுக்கு முன்னால் ஆங்கில 'என்' எழுத்தும் வேண்டும். பாதிப் பேர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவார்கள். மைஎஸ்க்யூஎல் என்றால் அட்டவணையும் இணைப்பும் இரண்டுமே யுடிஎஃப்-8-எம்பி-4 ஆக இருக்க வேண்டும்.

பேக்கப் இல்லாத தரவுத்தளத்தில் இது நடந்திருந்தால், அதில் மேற்கொண்டு எதையும் எழுத விடாமல் நிறுத்திவிட்டு நிர்வாகியைக் கூப்பிடுங்கள். தரவுத்தளம் தனியாக வைத்திருக்கும் பதிவுக் கோப்புகளில் பழைய மதிப்பு மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு. நாள் ஆக ஆக அதுவும் அழிந்துவிடும்.

## வட்டத்துக்குள் ஆர் குறி (®) மறுபடி மறுபடி வருகிறது

தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', அடுத்து ®, அடுத்து வேறு ஏதோ. இப்படி மூன்று மூன்றாக வரி முழுக்க ஓடினால் சந்தேகமே வேண்டாம், யுடிஎஃப்-8 கோப்பை மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமாக நினைத்துத் திறந்திருக்கிறீர்கள். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட், அந்த மூன்றும் மூன்று தனி எழுத்தாகத் தெரிகின்றன. இப்படியே சேமிக்காதவரை எழுத்து நலம்.

எக்செல்: சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். டேட்டா தாவலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' போய், ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 எண்ணுள்ள யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள். பிறருக்கு அனுப்பும் கோப்பானால், நோட்பேடில் 'யுடிஎஃப்-8 வித் பாம்' என்று சேமித்து அனுப்புங்கள் (பாம் என்பது கோப்பின் தொடக்கத்தில் நிற்கும் அடையாளக் குறி). அவர் இரட்டைக் கிளிக் செய்தாலும் உடையாது.

இணையப் பக்கம்: பக்கத்தின் தலைப் பகுதியில் யுடிஎஃப்-8 என்ற அறிவிப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தும் உடைந்தால் சர்வர் பக்கத்தோடு அனுப்பும் ஹெடர் என்ற குறிப்பு வேறு ஒன்றைச் சொல்கிறது, உலாவி சர்வர் சொல்வதைத்தான் கேட்கும். வெறும் வாசகராக இருந்தால் ஃபயர்ஃபாக்ஸின் வியூ பட்டியலில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' உண்டு.

உடைந்த வடிவிலேயே சேமித்துவிட்டீர்கள் என்றால்: பெரும்பாலும் திருப்ப முடியும். நோட்பேட்++இல் புதுக் கோப்புத் திறந்து, என்கோடிங்கை ஆன்சி என்று வைத்து, குப்பையை ஒட்டி, பிறகு பட்டியலில் யுடிஎஃப்-8 என்பதைச் சொடுக்குங்கள். 'கன்வெர்ட் டு' என்று தொடங்குவதை அல்ல, வெறும் யுடிஎஃப்-8ஐ. தமிழ் திரும்பிவிடும். சில சமயம் புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ மட்டும் காணாமல் போயிருக்கும். இந்த நான்கின் கடைசி பைட் விழும் இடங்களுக்கு மேற்கு ஐரோப்பியப் பட்டியலில் எழுத்தே கிடையாது. கண்ணுக்குத் தெரியாமல் வரும் அவற்றை மின்னஞ்சலோ படிவமோ வழியில் களைந்துவிடும். 'தமிழ்' என்பது 'தமிழ' ஆகியும் 'குரு' என்பது 'கர' ஆகியும் நின்றால் காரணம் இதுதான். ஒரு பக்கம் என்றால் கையால் திருத்துங்கள். ஆயிரம் பக்கம் என்றால் மூலத்திலிருந்து மறுபடி எடுப்பதே மலிவு.

## ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது

திறந்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கிலத்தில் நிற்கிறது. அது பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்'. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்து ஏமாற்றின. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் நாடுகளிலும் பாமினியும், தமிழகத்து அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் வானவில், ஸ்ரீலிபி வகைகளும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிக்க: வேர்டு கோப்பானால் வரியைத் தேர்ந்து எழுத்துருப் பெட்டியில் உள்ள பெயரைப் பாருங்கள், எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் நிற்கும். பெயர் இல்லாத வெறும் உரை என்றால், சாதாரண ஆங்கில எழுத்தாகத் தெரிவது பாமினி போன்ற தட்டச்சு வகை. ¾ போன்ற பின்னக் குறியும் தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துமாகத் தெரிந்தால் திஸ்கி, டேப், டேம் என்ற பழைய தமிழ்க் குறியாக்கங்களில் ஒன்று. வரியில் 'த' வரவேண்டிய இடத்தில் எல்லாம் ¾ நின்றால் திஸ்கி.

படிக்க மட்டும் வேண்டுமா? அந்த எழுத்துருவை நிறுவினால் போதும். திருத்தவோ தேடவோ அனுப்பவோ வேண்டுமானால் என்எச்எம் கன்வெர்ட்டர், அழகி, சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றியில் மூலக் குறியாக்கத்தைச் சொல்லி யூனிகோடாக்குங்கள். முதலில் பத்து வரியை மட்டும் மாற்றிப் பாருங்கள். உரைக்குள் நிஜ ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றையும் மாற்றி தமிழ்க் குப்பையாக்கிவிடும். அவற்றைத் தனியே ஒதுக்கிவிட்டு மாற்றுங்கள்.

மாற்றிய பிறகு மூன்று பிழைகளைக் கட்டாயம் தேட வேண்டும்.

1. வாக்கியத் தொடக்கத்தில் 'த' என்பது 'து' ஆகவும் 'க' என்பது 'கு' ஆகவும் இருக்கும்: 'துமிழ்', 'குண்'. பாமினியில் சிறிய ஜே 'த', பெரிய ஜே 'து'. வேர்டு தானாக முதல் எழுத்தைப் பெரிதாக்கியதன் விளைவு இது. மாற்றியைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்னும் பாமினியில் அடிக்கிறவர்கள் ஆட்டோகரெக்டில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.
2. 'வௌ்ளி', 'தௌிவு' என்று நிற்கும். 'ெ' அடுத்து 'ள' வந்தாலே மாற்றி அதை ஔகாரக் குறி என்று எடுத்துக்கொண்டது. ஒரு மெய் இரண்டு உயிர்க்குறி தாங்காது. எனவே ௌ அடுத்து புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வரும் இடம் எல்லாம் தவறுதான். ௌ் என்பதை ெள் என்றும், ௌி என்பதை ெளி என்றும், இப்படி ஒவ்வொன்றாக மொத்தமாக மாற்றலாம்.
3. மேற்கோள் குறிகள். வேர்டு நேர்க்குறியை வளைகுறியாக்கியிருந்தால் அந்த இடத்தில் இருந்த எழுத்து விழுந்துபோயிருக்கும்.

முழுப் புத்தகம், அட்டவணைகள், அடிக்குறிப்புகள் உள்ள பேஜ்மேக்கர் கோப்பு என்றால் தட்டச்சுத் தெரிந்த டிடிபிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். மாற்றும் கூலியோடு மெய்ப்புத் திருத்தும் கூலியையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். பின்னதுதான் அதிகம் வரும்.

## கொம்பு இடம் மாறி நிற்கிறது, புள்ளிவட்டம் தெரிகிறது

'கெ' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் நிற்கும், அல்லது புள்ளியாலான வட்டம் ஒன்று குறியைத் தாங்கி நிற்கும். யூனிகோடு உச்சரிப்பு வரிசையில் சேமிக்கிறது: முதலில் க, அடுத்து கொம்பு. அதை முன்னால் தள்ளிக் காட்டுவது மென்பொருளின் வேலை.

எல்லாக் கொம்பும் தவறு என்றால் மென்பொருளுக்கு அந்த வேலை தெரியவில்லை, அல்லது சொல்லப்படவில்லை.

- இன்டிசைன்: பத்திப் பலகத்தின் பட்டியலில் 'வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர்'. ஏற்கெனவே அடித்த பத்திகளையும் தேர்ந்து மாற்ற வேண்டும்.
- இல்லஸ்ட்ரேட்டர்: ப்ரெஃபரன்ஸஸ், டைப், 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்'.
- ஃபோட்டோஷாப்: டைப் பட்டியலில் மொழி விருப்பங்கள். பழைய பதிப்புகளில் ப்ரெஃபரன்ஸஸ் உள்ளே டைப் பகுதியில் தெற்காசிய எழுத்துகளுக்கான தேர்வு இருக்கும், மூடித் திறந்தால்தான் வேலை செய்யும். சிஎஸ்6க்கு முந்தைய அடோபி மென்பொருளில் யூனிகோடு தமிழோடு மல்லுக்கட்டாதீர்கள்.
- நிரலில் பிடிஎஃப் உருவாக்குகிறீர்களா? எஃப்பிடிஎஃப் போன்ற எளிய நூலகங்கள் எழுத்தைக் கோக்காது, அதாவது கொம்பை இடம் மாற்றி வைக்காது. எம்பிடிஎஃப் கோக்கும். அதைவிட எளிது, பக்கத்தை எச்டிஎம்எல் ஆக்கி, குரோமை திரையில்லாமல் ஓட்டி பிடிஎஃப் எடுப்பது. பைத்தானின் பில்லோ என்றால் ராக்ம் நூலகம் சேர்ந்திருக்க வேண்டும்.
- விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்: விட்டுவிடுங்கள். கோப்பில் எழுதி நோட்பேடில் பாருங்கள்.

ஓரிரு இடத்தில் மட்டும் வட்டம் என்றால் உரையில்தான் பிழை. குறிக்கு முன் ஒரு வெற்றிடம் விழுந்திருக்கும், அல்லது ஒரே குறி இரண்டு தடவை அடித்திருக்கும் (கிி). பழைய தட்டச்சுப் பழக்கத்தில் கொம்பை முதலில் அடித்திருக்கலாம். எழுத்துக்கு ஒரு நிறம், குறிக்கு வேறு நிறம் கொடுத்தாலும் சில மென்பொருளில் பிரிந்துவிடும். அந்த எழுத்தை முழுக்க அழித்து மறுபடி அடியுங்கள்.

வேர்டில் எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் மட்டும் மாற மறுத்தால், கண்ட்ரோல்-டி அழுத்தி 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற கட்டத்தில் மாற்றுங்கள். மேலே உள்ள பெட்டி சில சமயம் ஆங்கிலத்துக்கு மட்டும் பொருந்தும்.

## தட்டினால் தமிழ் வரவில்லை, அல்லது தாறுமாறாக வருகிறது

ஆங்கிலமே வருகிறது: விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பார் அழுத்தி விசைப்பலகையை மாற்றிப் பாருங்கள். மேக்கில் கண்ட்ரோல்-ஸ்பேஸ். பட்டியலில் தமிழே இல்லை என்றால் மொழி அமைப்பில் சேர்க்க வேண்டும்.

தமிழ் வருகிறது, ஆனால் வேறு எழுத்து: விசைப்பலகை வகை வேறு. விண்டோஸில் வெறும் 'தமிழ்' என்று இருப்பது இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் அமைப்பு. தமிழ்99 பழகியவர் 'தமிழ் 99' என்பதையும், ஆங்கில ஒலிப்பில் அடிப்பவர் 'ஃபொனடிக்' என்பதையும் தனியாகச் சேர்த்துவிட்டு இன்ஸ்கிரிப்டை நீக்கிவிடுவது நிம்மதி. மேக்கில் அஞ்சல், தமிழ்99 இரண்டும் உண்டு. லினக்ஸில் ஐபஸ் உடன் எம்17என் பொதியை நிறுவி, லாக்-அவுட் செய்து திரும்ப வாருங்கள். அதைச் செய்யாமல் 'பட்டியலில் வரவில்லை' என்பவர்கள்தான் அதிகம்.

தமிழ்99இல் கேட்காமலே புள்ளி விழுகிறது: பழுது இல்லை. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி வைப்பது அதன் விதி. புள்ளி வேண்டாத இடத்தில் நடுவில் அ தட்டுங்கள்.

எழுத்து இரட்டையாக விழுகிறது: என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற ஒன்றும் விண்டோஸின் தமிழ் விசைப்பலகையும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. விண்டோஸை ஆங்கிலத்தில் வைத்துவிட்டு அந்த மென்பொருளை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒரு குறிப்பிட்ட மென்பொருளில் மட்டும் வரவில்லை: அது அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையில் ஓடுகிறதா பாருங்கள். சாதாரண உரிமையில் ஓடும் தட்டச்சு மென்பொருளை அதற்குள் நுழைய விண்டோஸ் விடாது. இரண்டையும் ஒரே உரிமையில் திறந்தால் தீர்ந்தது.

கடவுச்சொல் சரியாக அடித்தும் உள்ளே விடவில்லை என்றால், பூட்டுத் திரையின் வலது கீழ் மூலையில் மொழி தமிழில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். கணினியை ஃபார்மட் செய்யக் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது அது.

## பார்க்கச் சரி, தேடினால் கிடைக்கவில்லை

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உள்ளே வேறாக இருக்கிறது. எக்செல்லில் லென் என்ற ஃபார்முலாவைப் போடுங்கள். 'தமிழ்' என்பதற்கு 5 வர வேண்டும். 6 வந்தால் கடைசியில் வெற்றிடமோ கண்ணில் படாத இணைப்புக் குறியோ ஒட்டியிருக்கிறது. யூனிகோட் என்ற ஃபார்முலா, கொடுத்த உரையின் முதல் எழுத்தின் எண்ணை மட்டும் தரும், எனவே சந்தேகப்படும் எழுத்தைத் தனியே எடுத்துக் கொடுங்கள். தமிழ் என்றால் 2944க்கும் 3071க்கும் இடையில் இருக்கும், 8204 அல்லது 8205 வந்தால் அதுதான் ஒளிந்திருக்கும் குறி.

- 'கௌரி' – 'கெளரி': இரண்டாவதில் இருப்பது கொம்பும் ளகரமும். மொத்தமாக மாற்றாதீர்கள், மேலே சொன்ன 'வௌ்ளி' இங்கேதான் பிறக்கிறது. சொல் சொல்லாக மாற்றுங்கள்.
- 'கொ': ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். லென் 2 அல்லது 3 காட்டும். பழைய மேக்கிலிருந்து வந்த கோப்புப் பெயர்களில் இரண்டாகப் பிரிந்தே இருக்கும். இதை மொத்தமாக ஒற்றைக் குறியாக்குவது பாதுகாப்பானது.
- ஸ்ரீ – ஶ்ரீ: பல எழுத்துருக்களில் உருவம் ஒன்றே, முதல் எழுத்து வேறு. பெயர்ப் பட்டியல் என்றால் ஏதாவது ஒன்றை முடிவு செய்து அதற்கே மாற்றுங்கள்.
- ௧ – க, ௨ – உ, ௭ – எ: தமிழ் எண்ணும் எழுத்தும். படத்திலிருந்து உரையாக்கிய கோப்புகளில் கலந்திருக்கும்.

## கடைசி எழுத்து வெட்டுப்பட்டு � தெரிகிறது

தகவலைச் சேமிக்கும் புலத்தின் அளவு எழுத்துக் கணக்கில் இல்லாமல் பைட்டில் இருக்கிறது. 'தமிழ்நாடு' என்பது 9 குறியீடு, 27 பைட். 20 பைட் புலத்தில் 'தமிழ்ந' வரை 18 பைட் போக, மிச்சம் இரண்டு பைட்டில் துணைக்காலின் மூன்று பைட் அடங்காது. அரைகுறையாக நின்ற அந்தத் துண்டுதான் �. புலத்தை மும்மடங்காக்கச் சொல்லுங்கள். குறுஞ்செய்தியில் கணக்கு வேறு: ஆங்கிலத்துக்கு 160 என்றால் தமிழ் கலந்தால் 70, தொடர்செய்தியானால் ஒவ்வொரு துண்டுக்கும் 67. மொத்தமாகச் செய்தி அனுப்புகிறவர்களுக்குச் செலவு ஏறுவது இங்கேதான்.

## பிடிஎஃப்-இல் படிக்க முடிகிறது, நகலெடுத்தால் குப்பை

பிடிஎஃப் பெரும்பாலும் உருவங்களைத்தான் வைத்திருக்கும், எழுத்துக்குத் திரும்பும் அட்டவணை இல்லாமலோ தவறாகவோ இருக்கும். ஆக்கியவரிடம் வேர்டு கோப்பைக் கேட்பதே குறுக்குவழி. கிடைக்காவிட்டால் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறங்கள், அல்லது படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருளைத் தமிழ்த் தரவுடன் ஓட்டுங்கள். துணைக்காலும் ரகரமும் ஒன்றுக்கொன்று மாறியிருக்கும், அவசியம் மெய்ப்புப் பாருங்கள்.

## &#2980;&#2990;&#3007;&#2996;&#3021; என்று வருகிறது

அதுவும் 'தமிழ்'தான், எண்ணாக. உரை நலம். படிக்க: நோட்பேடில் ஒட்டி, எச்டிஎம்எல் என்ற பின்னொட்டோடு சேமித்து உலாவியில் திறந்தால் போதும். உங்கள் தளத்தின் படிவத்திலிருந்து இப்படி வந்தால், படிவம் உள்ள பக்கம் யுடிஎஃப்-8 இல்லை. அதை மாற்றாமல் உள்ளே வந்ததை மட்டும் திருத்திக்கொண்டிருந்தால் நாளைக்கும் வரும்.

## ₹ குறி இருந்த இடத்தில் ` நிற்கிறது

2010இல் குறி அறிவிக்கப்பட்ட சமயத்தில், யூனிகோடில் இடம் கிடைக்கும் முன்பே ரூபாய் ஃபோராடியன் என்ற எழுத்துரு பரவியது. ` விசையின் இடத்தில் ரூபாய்க் குறியை வைத்திருந்தது அது. அந்த வார்ப்பில் செய்த விலைப்பட்டியல்கள் இன்றும் சுற்றுகின்றன. ` குறியைத் தேடி ₹ ஆக மாற்றிவிட்டு எழுத்துருவை நிர்மலா யுஐ ஆக்குங்கள். இந்திய ஆங்கில விசைப்பலகையில் வலது ஆல்ட்டோடு 4 அழுத்தினால் ₹ வரும்.